படர்தாமரைக்கு எந்தக் களிம்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, விசைத்தறி, அரிசி ஆலை, லாரி கேபின் என்று கொங்குப் பக்கம் பாதி வேலை வேர்வையில்தான் நடக்கிறது. பல்லடம் பக்கம் மருந்துக் கடை நடத்தும் எனக்கு, காய்ச்சல் மாத்திரைக்கு அடுத்தபடியாக அதிகம் வரும் விசாரிப்பு தொடை இடுக்கு அரிப்பைப் பற்றியதுதான். கடையில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, மெதுவான குரலில் கேட்பார்கள். அப்படிக் கேட்கப்பட்டவற்றையும், கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுபவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

இது படர்தாமரைதானுங்களா? எப்படித் தெரிஞ்சுக்கறது?

வட்டமாகவோ வளைந்த கோடாகவோ ஓரம் சிவந்து லேசாக மேடிட்டிருக்கும். அந்த ஓரத்தில் பொடிப் பொடியாகச் செதில் உரியும். நடுப்பகுதி ஓரளவு தெளிந்திருக்கும். வேர்த்தால் அரிப்பு தாங்காது. தொடை இடுக்கு, இடுப்பு, பிட்டம், அக்குள், மார்பின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் அதிகம் வரும். ஓரம்தான் முக்கியமான அடையாளம்.

ஓரமே இல்லாமல் மார்பிலும் முதுகிலும் வெளிறிய அல்லது பழுப்பு நிறத் திட்டுகள் பரவி, பெரிதாக அரிப்பும் இல்லையென்றால் அது பெரும்பாலும் தேமல். படர்தாமரையைப் போல அதுவும் பூஞ்சைதான், ஆனால் வேறு வகை. கீட்டோகொனசோல் ஷாம்புவுக்கோ செலினியம் சல்ஃபைடு லோஷனுக்கோ அது கட்டுப்படும். தொப்புளுக்குக் கீழே பேன்ட் பட்டன் படும் இடத்தில் மட்டும் தடித்து அரித்தால் உலோக ஒவ்வாமையாக இருக்கலாம். முழங்கையிலும் முழங்காலிலும் வெள்ளிச் செதிலோடு தடிப்பு இருந்தால் அது சொரியாசிஸாக இருக்கக்கூடும்.

சந்தேகம் வந்தால் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஓரத்துச் செதிலைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பூஞ்சை இருந்தால் இழை இழையாகத் தெரியும். சீக்கிரமே முடிவு தெரிந்துவிடும். கோவை அரசு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளின் தோல் பிரிவில் இது சாதாரணமாகச் செய்வதுதான். சோதனைக்குப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்பிருந்தே எந்தக் களிம்பும் தடவாமல் இருந்தால் நல்லது. தடவிவிட்டுப் போனால் பூஞ்சை இருந்தும் கண்ணில் படாமல் போகலாம்.

க்ளோட்ரிமசோல், லுலிகொனசோல், டெர்பினாஃபின்... என்ன வித்தியாசம்?

பூஞ்சையின் உயிரணுச் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற பொருள் வேண்டும். அதைப் பூஞ்சை படிப்படியாகத் தயாரிக்கிறது. திருப்பூரில் நூல் வந்து, நிட்டிங் ஆகி, சாயம் ஏறி, தைத்து வெளியே போகிற மாதிரி. இந்த வரிசையில் எந்த இடத்தில் தடை போடுகிறது என்பதுதான் மருந்துக்கு மருந்து உள்ள வித்தியாசம்.

டெர்பினாஃபின், பியூட்டெனாஃபின் இரண்டும் முன்கட்டத்திலேயே நிறுத்திவிடும். எர்கோஸ்டெரால் தயாராகாமல் போவதோடு, ஸ்குவாலீன் என்ற பாதிப் பண்டம் உள்ளே தேங்கிப் பூஞ்சையையே கொன்றுவிடும். க்ளோட்ரிமசோல், மைக்கொனசோல், கீட்டோகொனசோல், செர்ட்டகொனசோல், லுலிகொனசோல் எல்லாம் அசோல் குடும்பம். இவை பின்கட்டம் ஒன்றில் தடுக்கின்றன. இவற்றில் பழையவை பெரும்பாலும் பூஞ்சையை வளரவிடாமல் நிறுத்தி வைக்கும், மீதியைத் தோல் உரிந்து வெளியேற்ற வேண்டும். லுலிகொனசோல் புதியது. மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்யும், தோலின் மேலடுக்கில் நன்றாகத் தங்கும். இந்த இரண்டு குடும்பத்திலும் சேராத அமொரால்ஃபின், சைக்ளோபிராக்ஸ் போன்றவையும் இருக்கின்றன. மற்றது பலிக்காதபோது மருத்துவர்கள் இவற்றை எழுதுகிறார்கள்.

தடவும் முறையும் மாறும். க்ளோட்ரிமசோலும் மைக்கொனசோலும் தினம் இரண்டு வேளை. லுலிகொனசோல் ஒரு வேளை. டெர்பினாஃபின் ஒன்றோ இரண்டோ, ட்யூபில் போட்டிருக்கிறபடி.

எல்லாவற்றிலும் டெர்பினாஃபின்தான் பெஸ்ட் என்கிறார்களே?

ஒரு காலத்தில் அது சரி. தொடை, உடம்புப் படர்தாமரைக்கான களிம்புகளைப் பற்றி 2014இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு (பல மருத்துவச் சோதனைகளின் முடிவுகளை ஒன்றாகத் திரட்டி எடைபோடுவது) 129 சோதனைகளை, ஏறத்தாழ 18,000 நோயாளிகளை எடுத்துக்கொண்டு பார்த்தது. டெர்பினாஃபின் நன்றாக வேலை செய்கிறது என்றுதான் சொன்னது.

ஆனால் பூஞ்சை சும்மா இருக்கவில்லை. இந்தியாவில் பரவிவிட்ட ஒரு ரகத்துக்கு 2020இல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று தனிப் பெயரே வைத்தார்கள். டெர்பினாஃபின் போய் உட்கார வேண்டிய நொதியிலேயே இந்த ரகத்தில் பலவற்றுக்கு மாற்றம் வந்திருக்கிறது. அதனால் மருந்து சரியாகப் பிடிப்பதில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் டெர்பினாஃபினில் ஓடிப்போன படை இன்று அசையாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

எனவே, ஒழுங்காகத் தடவியும் இரண்டு மூன்று வாரத்தில் ஓரம் அடங்கவில்லையென்றால் மருந்துக் குடும்பத்தை மாற்ற வேண்டும். கம்பெனியை மாற்றிப் பயனில்லை. மூன்று ட்யூபைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "மூணும் போட்டாச்சுங்க, ஒண்ணும் கேக்கல" என்பார்கள். திருப்பிப் பார்த்தால் மூன்றிலும் ஒரே டெர்பினாஃபின் 1 சதவீதம்தான் இருக்கும், அட்டை நிறம் மட்டும் வேறு. பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விடுங்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து.

லுலிகொனசோல் விலை ஜாஸ்தி. க்ளோட்ரிமசோல் போதாதா?

புதிதாக வந்த, கையகலத்துக்குள் அடங்கும் படைக்கு க்ளோட்ரிமசோல் போதும் என்பது என் அபிப்பிராயம், முழுசாக நான்கு வாரம் தடவுவதாக இருந்தால். விலை கூடின களிம்பை ஒரு வாரம் போட்டு நிறுத்துகிறவரைவிட, விலை குறைந்ததை ஒரு மாதம் விடாமல் போடுகிறவருக்குத்தான் ஆறுகிறது.

விலையைக்கூட ட்யூபுக்கு ட்யூப் ஒப்பிடாதீர்கள், மொத்த நாளுக்கும் கணக்குப் போடுங்கள். பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது வரும். அந்த அளவு படைக்கு இரண்டு வேளை என்றால் தினம் ஒரு கிராம், நான்கு வாரத்துக்கு 28 கிராம். அதாவது 10 கிராம் ட்யூப் மூன்று. ஒரு வேளை மட்டும் போடும் லுலிகொனசோலுக்கு 14 கிராம், அதாவது இரண்டு ட்யூப் வாங்கினால் மீதியே இருக்கும். இப்படிப் பார்த்தால் வித்தியாசம் நினைத்த அளவு இருக்காது. காலையில் ஷிஃப்டுக்கு ஓடுகிறவருக்கு இரவு ஒரு வேளை போதும் என்பதே பெரிய சௌகரியம். மறந்துபோகிற ஆள் என்றால் நானே லுலிகொனசோலைத்தான் சொல்வேன்.

மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் போன்ற இடங்களிலும் கேட்டுப் பாருங்கள். அதே மருந்து அங்கே கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

ஒரு ட்யூப் போட்டேன், ரெண்டே நாளில் அரிப்பு நின்றுவிட்டது. அதையே தொடரலாமா?

முதலில் அந்த ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். குளோபெட்டாசால், ஹாலோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன். இதில் எந்தப் பெயர் இருந்தாலும் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. குளோபெட்டாசாலையும் க்ளோட்ரிமசோலையும் அவசரத்தில் மாற்றிப் படிக்க வாய்ப்பு உண்டு. முன்னது ஸ்டீராய்டு, பின்னதுதான் பூஞ்சை மருந்து. எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

ஸ்டீராய்டு செய்வது இதுதான்: பூஞ்சையை எதிர்த்து உங்கள் தோல் நடத்தும் சண்டையை நிறுத்திவிடும். சிவப்பும் அரிப்பும் அந்தச் சண்டையால் வந்தவை, அதனால் இரண்டு நாளில் போய்விடும். எதிர்ப்பு இல்லாததால் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். களிம்பை நிறுத்தினால் முன்னைவிட மோசமாக எரியும். மறுபடி அதே ட்யூப். இப்படியே மாதக்கணக்கில் போனவர்களின் படை வட்டத்துக்குள் வட்டமாக விரியும், அல்லது ஓரமே கலைந்து என்ன நோய் என்று மருத்துவரே குழம்பும் நிலைக்குப் போகும். தொடை இடுக்குத் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, பிரசவ வரி போலக் கோடு கோடாக விழும். படர்தாமரை ஆறினாலும் அந்த வரி போகாது. இருபது வயதுகூட நிரம்பாத பையன்கள் தொடையில் அந்த வரியோடு வருவதைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது.

மேலே சொன்ன காக்ரேன் தொகுப்பிலும் இது உண்டு. ஸ்டீராய்டு சேர்ந்த களிம்பு பார்வைக்குச் சீக்கிரம் குணம் காட்டியது, ஆனால் பூஞ்சையை ஒழிப்பதில் கூடுதல் பலன் இல்லை.

அரசாங்கமும் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. தோலில் தடவும் ஸ்டீராய்டுகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்பதற்கு 2018 மார்ச்சில் கட்டுப்பாடு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளுக்குத் தடை வந்தது, இப்படிப்பட்ட சில களிம்புகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. சட்டம் வந்தாலும், சீட்டு கேட்காமல் எடுத்துக் கொடுக்கிறவர்கள் எங்கள் தொழிலில் இன்னும் இருக்கிறார்கள். விடுதி அறையில் ஒருவன் வாங்கிய ட்யூப் எட்டுப் பேரிடம் கை மாறுவதும் நடக்கிறது.

ஏற்கனவே போட்டுப் பழகிவிட்டவர் தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துவது நல்லது. நிறுத்தின சில நாளில் அரிப்பு கிளம்பும். அது எதிர்பார்த்ததுதான், பயந்து பழைய ட்யூபைத் தேடிப் போகாதீர்கள். அரிப்புக்குத் தனியாக மாத்திரை கொடுப்பார்கள்.

சரி, எப்படித் தடவ வேண்டும்?

குளித்து, ஈரம் போகத் துடைத்து, ஐந்து பத்து நிமிடம் காற்றாட விட்டு. வெளியிலிருந்து உள்ளே. கண்ணுக்குத் தெரியும் ஓரத்தைத் தாண்டி இரண்டு செ.மீ. வரை நல்ல தோலிலும் தடவ வேண்டும், ஏனென்றால் பூஞ்சை ஏற்கனவே அங்கே போயிருக்கும். மெல்லிசாகப் போதும், வெண்ணெய் மாதிரி அப்ப வேண்டாம். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

படை மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். பாதிப் பேர் தோற்பது இந்த இடத்தில்தான்.

பவுடர், மருந்து சோப்பு?

பவுடர் ஈரத்தை உறிஞ்சும், ஆறின பிறகு திரும்ப வராமல் இருக்க உதவும். இருக்கிற படையை அது மட்டும் ஆற்றாது. சோப்பு நுரையாகி ஒரு நிமிடத்தில் தண்ணீரோடு போய்விடும். அந்தக் காசுக்கு இன்னொரு ட்யூப் வாங்கலாம்.

பெரியாஸ்பத்திரியில் அந்தக் காலத்தில் கொடுத்த வெள்ளைக் களிம்பு இன்னும் உபயோகமா?

விட்ஃபீல்டு களிம்பைச் சொல்கிறீர்கள். பென்சாயிக் அமிலம் 6 சதவீதம், சாலிசிலிக் அமிலம் 3 சதவீதம். நூறு வருஷப் பழசு, மலிவு, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் முன்பு இடம்பெற்றிருந்தது. தோலின் மேலடுக்கை உரித்து, பூஞ்சையையும் சேர்த்துக் கழற்றிவிடும். உள்ளங்கால் மாதிரித் தடித்த தோலுக்கு இன்றைக்கும் நல்ல மருந்து. தொடை இடுக்கில் போட்டால் துள்ளிக் குதிப்பீர்கள். முகத்துக்கும் புண்பட்ட இடத்துக்கும் ஆகாது.

சீமை அகத்தி, பூவரசங்காய்ப் பால், மஞ்சள், எருக்கம்பால் எல்லாம்?

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. சீமை அகத்தி இலைக்குப் பூஞ்சையை எதிர்க்கும் குணம் உண்டு. வண்டுகொல்லி என்று நம் பக்கமும் படைக்கு அரைத்துப் பூசியிருக்கிறார்கள், பிலிப்பைன்ஸில் அரசு சுகாதாரத் துறையே பரிந்துரைத்த மூலிகைகளில் அதுவும் ஒன்று. ஆனால் நாம் அரைக்கும் விழுதில் எவ்வளவு சத்து இருக்கிறது என்பது இலைக்கு இலை மாறும். சின்னப் படைக்குப் பூசிப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, பரவ ஆரம்பித்த பிறகும் அதையே நம்பி உட்காராமல் இருந்தால் சரி.

ஈரோட்டு மஞ்சளை யாராவது குறை சொன்னால் சண்டைக்கு வருவார்கள், நானும் சொல்லப்போவதில்லை. குழம்புக்கு அது போதும். தோலில் அப்பினால் மஞ்சள் ஏறி ஓரம் தெரியாமல் போகிறது, ஆறுகிறதா பரவுகிறதா என்றே கண்டுபிடிக்க முடியாது. பூண்டை அரைத்துக் கட்டினால் தோல் வெந்து கொப்புளம் வரும். எருக்கம்பால் வேண்டவே வேண்டாம், தோலைப் புண்ணாக்கும், கை தவறிக் கண்ணில் பட்டால் கருவிழியையே பாதிக்கும். மண்ணெண்ணெய் தடவி வந்தவர்களுக்குப் படர்தாமரையோடு தீப்புண் வைத்தியமும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆறுகிறது, மறுபடி வருகிறது. ஏன்?

மருந்தைக் குறை சொல்வதற்கு முன்னால் வீட்டைப் பாருங்கள். கணவனுக்கு வைத்தியம் நடக்கும், மனைவிக்கு இருப்பதை அவர் வெளியே சொல்லியிருக்க மாட்டார். அல்லது பிள்ளையின் முதுகில் ஒரு வட்டம் இருக்கும். ஒரே நேரத்தில் எல்லோரும் மருந்து போட்டால்தான் சுற்று நிற்கும்.

அப்புறம் துணி. பூஞ்சையின் வித்து துணியில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உள்ளாடை, துண்டு, போர்வை ஆகியவற்றை மற்றவர் துணியோடு சேர்க்காமல் வெந்நீரில், 60 டிகிரி அளவுக்கு, துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி நல்ல வெயிலில் காயப்போடுங்கள். மழைநாளில் இஸ்திரி போட்டாவது சூடு காட்டுங்கள், அதிலும் இடுப்புப் பட்டையும் தையல் மடிப்பும் முக்கியம். இறுக்கமான ஜீன்ஸை விட்டு வேட்டிக்கோ லுங்கிக்கோ மாறினாலே பாதி அரிப்பு குறையும். பனியன் ஊரில் இருந்துகொண்டு பருத்தி உள்ளாடைக்கா பஞ்சம்?

இரண்டு இடங்களை யாரும் கவனிப்பதில்லை. ஒன்று அரைஞாண் கயிறு. வேர்வை ஊறி, காயவே காயாமல், இடுப்பைச் சுற்றி மருந்து படாத ஒரு கோடாக நிற்கும். ஆறும் வரை கழற்றி வையுங்கள், மனசு கேட்காவிட்டால் வெள்ளிக்கொடிக்கு மாறித் தினமும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இன்னொன்று பாவாடை நாடா. பாவாடையைத் துவைப்பார்கள், நாடா உள்ளே சுருண்டு ஈரமாகவே இருக்கும்.

கன்றுக்குட்டியிடமிருந்து வருமா?

வரும். கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் சாம்பல் நிறப் பொருக்கு தட்டிய கன்றைக் குளிப்பாட்டிக் கட்டிப்பிடித்தவருக்கு முன்கையில் படை கிளம்பினால் இதைச் சந்தேகப்படலாம். இந்த வகை நன்றாக வீங்கிச் சிவக்கும், சீழ்க்கட்டி என்று தவறாக நினைப்பதும் உண்டு. உங்களுக்கு மருத்துவர், கன்றுக்கு கால்நடை மருத்துவர், இரண்டும் வேண்டும்.

தலையிலும் நகத்திலும் இதே களிம்பைப் போடலாமா?

பிரயோஜனமில்லை. முடிவேருக்குள்ளும் நகத்துக்குள்ளும் களிம்பு இறங்காது. பிள்ளைகளுக்குத் தலையில் முடி கொட்டித் திட்டு விழுந்து செதில் உரிந்தால் மாத்திரைதான் வைத்தியம், அதை மருத்துவர்தான் எடைக்குத் தக்கபடி எழுத வேண்டும்.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள்?

கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகத் தேர்ந்தெடுப்பது க்ளோட்ரிமசோல் களிம்புதான், ஆனாலும் பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுங்கள். பூஞ்சை மாத்திரைகளைத் தானாக வாங்கிச் சாப்பிடவே கூடாது. குழந்தையின் இடுப்பில் வரும் சிவப்பு பெரும்பாலும் டயப்பர் ஈரத்தாலோ கேண்டிடா என்ற வேறு பூஞ்சையாலோ வருவது. அங்கே ஸ்டீராய்டு களிம்பு போட்டு டயப்பரால் மூடினால் மருந்து பல மடங்கு உள்ளே போகும். பெரியவர் ட்யூபைக் குழந்தைக்கு எடுக்காதீர்கள்.

எப்போது களிம்பை விட்டு மருத்துவரிடம் போவது?

படை இரண்டு மூன்று இடத்துக்கு மேல் இருந்தால், முகத்தில் வந்தால், ஸ்டீராய்டு போட்டுக் கெட்டிருந்தால், திரும்பத் திரும்ப வந்தால், சர்க்கரை நோய் இருந்தால் நாள் கடத்த வேண்டாம். பெரும்பாலும் இட்ராகொனசோல் அல்லது டெர்பினாஃபின் மாத்திரை சில வாரங்களுக்குச் சேர்த்து எழுதுவார்கள். இட்ராகொனசோல் கேப்சூலைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை அதன் வேலையைக் கெடுக்கும். இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது, சில கொழுப்பு மாத்திரைகளோடு சேரக் கூடாது. அதனால் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒன்று விடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். "கேஸுக்கு ஒரு மாத்திரை, அது கணக்கில்லீங்க" என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். அந்த மாத்திரைதான் இங்கே கணக்கு.

அரிப்பு போய்விட்டது, கறுப்புத் தழும்பு போகவில்லை. இன்னும் போட வேண்டுமா?

ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். மேடு இல்லை, செதில் இல்லை, வேர்த்தாலும் அரிப்பில்லை, கூடுதலாகத் தடவ வேண்டிய இரண்டு வாரமும் முடிந்தது என்றால் பூஞ்சைக் களிம்பை நிறுத்தலாம். மீதியிருப்பது நிறம் மட்டும். நம் தோல் நிறத்துக்கு அது மங்கச் சில மாதம் ஆகும். தேங்காய் எண்ணெயோ சாதாரண ஈரப்பதக் க்ரீமோ போதும். நிறம் வெளுக்கும் என்று விற்கும் க்ரீம்களை அங்கே போடாதீர்கள், அவற்றில் பலவற்றில் மேலே சொன்ன ஸ்டீராய்டுதான் இருக்கிறது.